கடிகாரத்தைப் பார்க்காத கொடி

போன வாரம் நம் போக்குவரத்துப் பிரிவுக்கு நான் வந்திருந்தபோது உங்களில் ஒரு தம்பி என்னைக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, டவுனுக்குள் வண்டிகள் எப்படி ஓடுகின்றன, எங்கே தேங்குகின்றன என்பதைச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டினார். அழகாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நாங்கள் பென்சிலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போட்ட கணக்கை நீங்கள் ஒரு தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிடுகிறீர்கள். பிறகு அந்தத் தம்பி சொன்னார்: "ஐயா, நம்ம மாடலும் ரோட்டுல எண்ணுன கணக்கும் அப்படியே ஒத்துப்போவுது. அப்ப மாடல் சரின்னுதானே அர்த்தம்?"

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. அதே வார்த்தையை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன், ஜப்பான்காரன் காலத்தில், இருபத்திரண்டு வயதில். அதனால் ஒரு மனிதரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக இருந்தார்கள். அன்றைக்கே சொல்லாமல் வந்ததற்கு மன்னியுங்கள். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் மலாக்கா டவுனில் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் கடைசிக் கிராணி, அதாவது எழுத்தர். எஸ்டேட்டில் ரப்பர் பால் மரம் சீவியவரின் மகன். கணக்கு நன்றாக வரும் என்பதைத் தவிர என்னிடம் வேறு சரக்கு கிடையாது. வெள்ளைக்காரன் ஓடும்போது பாலங்களுக்கு வெடி வைத்துவிட்டு ஓடினான். காஜா பேராங்கிலிருந்து குருபோங் பக்கம் போகிற வழியில் ஓடையின் மேல் இருந்த பாலமும் அப்படிப் போனது. அந்த இடத்தில் ஜப்பான்காரர்கள் கட்டைகளை அடுக்கி ஒரு மரப்பாலம் போட்டார்கள். ஒரு மாட்டுவண்டி போகலாம். எதிரே இன்னொன்று வர முடியாது.

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் டவுனுக்கு மரவள்ளிக்கிழங்கும் விறகும் வந்தன. அரிசி கண்ணில் படாத காலம் அது. கிழங்கு வண்டி அக்கரையில் நின்றால் இக்கரையில் பல வீடுகளில் அன்றைக்குப் பட்டினி.

பாலத்தின் டவுன் பக்க முனையில் ஒரு கொடிக்காரர் நிற்பார். கொடியைத் தூக்கிப் பிடித்தால் டவுன் பக்க வண்டிகள் போகலாம், தாழ்த்தினால் அக்கரை வண்டிகள் வரலாம். அவர் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊன்றிவிட்ட அந்தச் செட்டிக் குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். சாமி நம் சாமி, பேச்சு மலாய். மெலிந்த, அமைதியான மனிதர். கொடிக்காரர் வேலையில் அவருக்கு இருந்த பெரிய லாபம் ஒரு துண்டுச் சீட்டு. அது கையில் இருக்கும்வரை ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் அவரைத் தொட மாட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று அப்போதே ஊரில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

ஒருநாள் ராணுவ லாரி ஒன்று அந்தப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே சிக்கி அரைமணி நேரம் நின்றுவிட்டது. எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த ஜப்பானிய அதிகாரி நேரே போய்க் கொடிக்காரரை அறைந்தார். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். பொறியியல் படித்த மனிதர், மூக்குக்கண்ணாடி போட்டவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்.

"நீ கணக்குத் தெரிந்தவன் என்கிறார்கள். அங்கே கூட்டம் சேராமல் இருக்க வழி சொல். இன்னொரு தடவை என் லாரி நின்றால் அந்த ஆளைச் சயாமுக்கு அனுப்பிவிடுவேன்."

நான் நான்கு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விஷயம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஒவ்வொரு முறை கொடி மாறும்போதும் கடைசி வண்டி பாலத்தை விட்டு இறங்கும்வரை பாலம் சும்மா கிடக்கிறது. அடிக்கடி மாற்றினால் அந்த வீண் நேரம் கூடுகிறது. எப்போதோ ஒருமுறை மாற்றினால் எதிர்ப்பக்கம் வால் நீள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். எனக்கு எட்டு நிமிடம் என்று வந்தது. ஒரு பழைய கடிகாரத்தைத் தேடிப் பிடித்துப் பாலத்து முனையில் கம்பத்தில் மாட்டி, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடியை மாற்றும்படி கொடிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் எத்தனை வண்டி காத்து நிற்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வைக்க வேண்டும். தாள் தினமும் ஏதாவது ஒரு வண்டியில் அலுவலகத்துக்கு வந்துவிடும்.

முதல் பத்து நாள் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, திடீரென்று காத்து நிற்கும் வண்டிகள் பாதியாகக் குறைந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தன. அந்த வாரக் கடைசியில் என் கணக்கு சொன்ன எண்ணும் தாளில் வந்த எண்ணும் அச்சடித்த மாதிரி ஒத்துப்போயின. வண்டிக்காரர்கள் பழகிக்கொள்ளப் பத்து நாள் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்வதற்கு நம் தொழிலில் எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை.

ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதை மறைக்க மாட்டேன். அந்த நாளிலிருந்து தாளில் கோடுகள் இல்லை, புள்ளிகள் இருந்தன. பாசிமணி கோக்கிறவர்கள் மாதிரி நெருக்கமாக, வரிசை பிசகாமல் வைத்த புள்ளிகள். நான் அவற்றை எண்ணினேன். கூட்டினேன். வேறெதுவும் யோசிக்கவில்லை.

அதிகாரியிடம் தாளை நீட்டி, "என் கணக்கும் பாலமும் அப்படியே ஒத்துப்போகின்றன" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு முழுச் சவர்க்காரக் கட்டியை, குளிக்கிற சோப்பை, எடுத்துக் கொடுத்தார். சாம்பலும் தேங்காய் நாருமாக உடம்பு தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் அது என்ன பரிசு என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. இரண்டு வாரம் நான் மணத்துக்கொண்டு திரிந்தேன். தலைக்கனமும் கூடவே ஏறியது.

பிறகு அதிகாரி அதே எட்டு நிமிடத்தை வேறொரு சாலையில் இருந்த இன்னொரு மரப்பாலத்துக்கும் போடச் சொன்னார். போட்டேன். நான்காம் நாள் அங்கே இரண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நடுவில் ஒரு லாரி.

அதிகாரி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரே மாதிரிப் பாலம், ஒரே கணக்கு. அங்கே சரி, இங்கே தப்பு. ஏன்?" என்றார். நான் இரண்டு பாலத்துத் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "நாளைக் காலை காஜா பேராங் பாலத்தை நானே பார்க்கிறேன். நீயும் வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டயர் கிடைக்காததால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைச் சுற்றியிருந்த சைக்கிள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். அந்த வலியோடு போகும்போதுதான் புத்திக்கு உறைத்தது. கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பாலத்தின் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பாலத்து முனையில் காக்கிச் சட்டையும் அகலமான ஓலைத் தொப்பியுமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பெண்.

கொடிக்காரரின் மனைவி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டை கணவருடையது, கீழே சாரோங். கம்பத்தில் என் கடிகாரம் நின்று போயிருந்தது. அதற்குச் சாவி கொடுத்து எத்தனை நாளாயிற்றோ. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் கொடி ஆடவில்லை. அக்கரையிலிருந்து வந்த ஒரு விறகு வண்டி இறங்கும்வரை பொறுத்து, கொடியைத் தூக்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

நாங்கள் பேசியது மலாயில். செட்டிகளின் மலாய்க்குத் தனி நடை உண்டு. அதை நான் திருப்பிச் சொன்னால் கெடுத்துவிடுவேன். அதனால் என் தமிழிலேயே சொல்கிறேன். "தம்பி" என்பது மட்டும் அவர் வாயிலிருந்தே வந்த தமிழ்.

"தம்பி, அவருக்குக் காய்ச்சல். விட்டு விட்டு வருது, வந்தா கட்டிலே ஆடுது. மருந்து எங்க கிடைக்குது? வேலைக்கு வரலன்னா சீட்டைப் பிடுங்கிடுவாங்க. சீட்டு போச்சுன்னா..."

அக்கரையில் ஒரு வண்டி தெரிந்தது, அவர் கொடியைத் தாழ்த்தினார்.

"எத்தனை நாளா நீங்க நிக்கிறீங்கக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்ன நாளும் புள்ளிகள் தொடங்கிய நாளும் ஒன்று.

அந்தச் சாலையில் போய் வந்த வண்டிக்காரர்கள், விறகு கட்டிய சைக்கிள்காரர்கள், தலைச்சுமைக்காரிகள் என்று மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்குப் போட்ட எனக்கு மட்டும்தான் தெரியாது.

"கடிகாரம் நின்னுடுச்சே. எட்டு நிமிஷத்தை எப்படிப் பார்க்கிறீங்க?" என்றேன். அந்த நேரத்திலும் என் கணக்கு எனக்கு.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆப்ப துங்கு ஜாம்? தெங்கோக் ஓராங் லா" என்றார். கடிகாரத்துக்காக ஏன் காத்திருக்கணும், ஆளைப் பார் என்று அர்த்தம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். வண்டிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் கொடி மாறாது. வரிசையில் பாலத்தின் நீளத்துக்கு ஓர் இடைவெளி விழுந்தால் அடுத்த கணம் மாறிவிடும். சில முறை மூன்று நிமிடம், சில முறை பத்து. பாலம் சும்மா கிடக்கிற நேரத்தை நான் தாளில் குறைக்கப் பார்த்தேன். அவர் அந்த நேரத்தை, எப்படியும் வண்டி வராத இடைவெளிக்குள் ஒளித்துவிட்டார். வண்டி வரும்போதே எதிரே சைக்கிள்காரர்களை இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். தலையில் கிழங்குக் கூடையோடு ஒரு கிழவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். இடைவெளி விழுந்துவிட்டது, ஆனாலும் கொடி மாறவில்லை. கிழவி ஏறிய பிறகுதான் மாறியது. "அந்தப் பாட்டி மறுபடி நின்னா, கூடையை இறக்கி ஏத்த ஆள் வேணும். அதுக்கு இன்னும் நேரமாகும்" என்றார் அக்கா.

என் கணக்குக்கும் பாலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கியது. எண்கள் ஒத்துப்போனது வெறும் தற்செயல். நான் அவருடைய வேலைக்குச் சவர்க்காரம் வாங்கியிருக்கிறேன்.

"நாளைக்கு அதிகாரி வர்றார், அக்கா" என்றேன். அவர், "அப்ப நாளைக்கு எங்க வீட்டுக்காரரே நிக்கட்டும். நான் எதிர்ல கிழங்கு விக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை கொடிக்காரர் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றார். கண்கள் மஞ்சளாக இருந்தன. சாலைக்கு எதிர்ப்பக்கம் அக்கா முக்காடிட்டு, அவித்த கிழங்குக் கூடையை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். கூடையை மூடிய வாழை இலையை அவர் திருப்பிப் போட்டால், கொடிக்காரர் கொடியை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கணவர் அந்த இலையை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு முறை கொடி மாறும்போதும் ஒரு சிறிய நோட்டில் எழுதினார். நடுவில் கொடிக்காரரின் முழங்கால் மடங்கியது. கடந்து போன மலாய்க்கார வண்டியோட்டி ஒருவர் சட்டென்று இறங்கி, மாட்டின் நுகத்தைச் சரிசெய்கிற மாதிரி அவரை ஒட்டி நின்று, தோளை முட்டுக் கொடுத்தார். கொடி நிமிர்ந்தே இருந்தது. அந்தத் தோளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

அதிகாரி நோட்டை மூடினார். "நான்கு நிமிடம். ஒன்பது. மூன்று. ஏழு. எட்டு எங்கே?" என்றார். பிறகு கொடிக்காரரைக் காட்டினார். "இவன் உத்தரவை மீறுகிறான்."

இங்கேதான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் கட்டிலில் கிடக்க வேண்டிய அந்த மனிதர் சயாமுக்கு ரயில் ஏறுவார். ஒன்றும் சொல்லாவிட்டாலும் உத்தரவை மீறியவராக ஏறுவார். எதிரே வாழை இலையின் மேல் இருந்த கை அசையாமல் நின்றது.

"நான்தான் மாற்றச் சொன்னேன்" என்றேன். "எட்டு தப்பு. இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது."

"தெரிந்துமா அந்தப் பாலத்துக்கு எட்டு போட்டாய்?"

"சொல்ல வெட்கமாக இருந்தது."

"பகேரோ!" என்ற ஜப்பானிய வசவும் அறையும் ஒன்றாக வந்தன. என் மூக்குக்கண்ணாடி மண்ணில் விழுந்தது. நான் குனிந்து அதை எடுத்து, அதே மண்ணில் ஒரு குச்சியால் பாலத்தை வரைந்தேன். இடைவெளியை வரைந்தேன். அது பாலத்தின் நீளத்தைத் தொடும்போது கொடியை மாற்றினால் வீணாவது ஏன் குறைகிறது என்று கணக்கெழுதிக் காட்டினேன். கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஓரிடத்தில் என் கையிலிருந்து குச்சியை வாங்கித் தானே ஒரு வரியைத் திருத்தினார். கணக்கு பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் குந்துகிறார்கள் என்று அப்போது தோன்றியது.

"நல்லது. இதைக் கண்டுபிடித்தது நீயா?" என்று கேட்டார்.

எதிரே இருந்த அக்காவின் காதில் விழும் தூரம்தான்.

"நான்தான்" என்றேன்.

இந்தக் கொடிக்காரனை மற்ற பாலத்துக்கு அனுப்பிச் சொல்லிக்கொடுக்கச் சொல் என்றார். நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன். பத்து நாள் அங்கே கொடி பிடித்தேன். முதல் மூன்று நாள் வண்டிக்காரர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. இடைவெளியைத் தாளில் வரைவது வேறு, புழுதிக்குள் பார்ப்பது வேறு. நான் கொஞ்சமாவது பொறியாளன் ஆனேன் என்றால் அந்தப் பத்து நாளில்தான்.

திரும்பி வந்ததும் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் போனேன். இரண்டு வாரம் குளித்ததில் அது என் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெட்கத்தோடு ஓர் இலையில் மடித்துக் கொடுத்தேன். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார். கணவர் காய்ச்சலிலிருந்து எழ இன்னும் ஒரு மாதமாயிற்று. சீட்டு அவரிடமே இருந்தது. ஜப்பான்காரன் போன பிறகும் அவர் நெடுநாள் இருந்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்கோ அந்த மண்ணில் போட்ட கணக்கு ஒட்டிக்கொண்டது. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோதும், பிறகு நாடு நம் கைக்கு வந்தபோதும், "இடைவெளிக் கணக்குப் போட்டவர்" என்றுதான் என்னை மேலே மேலே தூக்கிவிட்டார்கள். மறுத்துச் சொல்லச் சந்தர்ப்பங்கள் பல வந்தன. ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பொய் ஒருவரைக் காப்பாற்றச் சொன்னதுதான். ஆனால் காப்பாற்றி முடித்த பிறகும் அதை நான் கழற்றி வைக்கவில்லை.

ஓய்வு பெறும் வருடத்தில், தார்ச் சாலைக்கு அடியில் கம்பி பதித்து, வண்டி இருக்கிறதா இல்லையா என்று தானே பார்த்து மாறுகிற விளக்கு ஒன்றை டவுனில் ஒரு சந்திப்பில் வைத்தோம். வைத்த மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு போய் அக்காவை அழைத்து வந்தேன். அறுபதைத் தாண்டியிருந்தார். கெபாயா மேல்சட்டை உடுத்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார். சாலையோரம் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம். கார்கள் ஓய்ந்தன. இடைவெளி விழுந்தது. விளக்கு மாறியது.

"அட, இது கூட ஆளைப் பார்க்குதே!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடி வர்றவளுக்காக நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்காது, அக்கா."

"அப்ப இன்னும் படிக்கணும்" என்று காப்பியைக் குடித்தார்.

அப்போதுதான் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. "அக்கா, அன்னைக்கு ஜப்பான்காரன் கேட்டப்ப, நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறமும் யார்கிட்டயும் மாத்திச் சொல்லல. உங்க பேரை எங்கயும் எழுதல." குரலைத் தாழ்த்த மறந்துவிட்டேன். காப்பிக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிழங்குக் கூடையின் மேல் அசையாமல் இருந்த அதே கை.

"எனக்குத் தெரியாதா, தம்பி? நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன். எங்கே நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு." பிறகு, விளக்கு இன்னொரு முறை மாறுவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "அந்தச் சவர்க்காரத்தை மட்டும் கொஞ்சம் பெருசா விட்டு வச்சிருக்கலாம்."